அவர் சொன்னால் சரியாக இருக்கும்

என் வீட்டுக்காரர் மெக்கானிக். வண்டி தெருமுனை திரும்பும்போதே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அதுதான் இருக்கும். அதோடு நின்றிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் இருமலைக் கேட்டு, "இது இதயத்துல கோளாறு" என்றார். அதுவும் பலித்துத் தொலைத்தது. அன்றிலிருந்து தெருவில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயரை அவர் மட்டும் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கழுத்தில் கட்டி வந்தபோது விரலால் அழுத்திப் பார்த்தார். "நகர மாட்டேங்குது. கெட்ட கட்டிதான். மனசைத் தேத்திக்கோ" என்றார். நானும் நம்பினேன். ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வருவதற்குள்ளேயே என் புடவைகளை மகளுக்கு, நாத்தனாருக்கு என்று பிரித்து அடுக்கிவிட்டேன்.

முடிவு சொல்லும் நாளில் மருத்துவமனைக்குப் போனோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பாசம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. சாதாரணக் கட்டி" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் என் கையை விட்டுவிட்டார்.

"நல்லாப் பாத்தீங்களா மேடம்? தொட்டாலே தெரியுதே."

"ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்துட்டோம் சார்."

"வேற யாரோடதோ மாறியிருந்தா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

வெளியே வந்ததும், "இன்னொரு ஆஸ்பத்திரில காட்டிடுவோம்" என்றார்.

"எதுக்கு?"

"உன் நல்லதுக்குத்தான். நான் சொல்லி என்னிக்காவது தப்பாப் போயிருக்கா?"

"போனதில்ல. அதனாலதான் சாகறதுக்குத் தயாரானேன்" என்றேன். "அங்கயும் ஒண்ணும் இல்லன்னா சந்தோஷப்படுவீங்களா?"

நான் காத்து நின்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையையும் மறந்திருப்பேன்.

அதற்குள் மகள் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். அப்பாவிடம் பேச வேண்டும் என்றாள். ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினேன்.

"அப்பா, நீங்க சொன்னது தப்புப்பா." அழுதுகொண்டே சிரித்தாள். "மொதல் தடவையாத் தப்புப்பா."

அவர் முகம் இறுகியது.

"அவசரப்பட்டு சந்தோஷப்படாதம்மா" என்றார்.

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

போனைப் பிடுங்கினேன். "அவரை விடுடி. நான் கிளம்பி அங்க வரேன்" என்றேன். எனக்குச் சேர்ந்து சிரிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவரை வாசலிலேயே விட்டுவிட்டு, மகள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.