மண்ணெண்ணெயில் தண்ணீர்

பருத்தித்துறைக் கடலில், கரை மங்கலாகத் தெரியும் தூரத்தில், நிருஷனின் வள்ளம் அலையில் கவிழ்ந்தது. கூப்பிடு தூரத்தில் வலையை ஏற்றி முடித்திருந்த யோகேந்திரன் அதைக் கண்டதும் எஞ்சின் கயிற்றை இழுத்து இயக்கினான். அது இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

ஊரில் எல்லாருடைய எஞ்சினையும் திருத்துகிறவன் அவன்தான். எஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நுனியில் நீர்த்துளி இருந்தது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெய் ஆவியாகிச் சிலிண்டருக்குள் நெரிபட்டு, பொறி பட்டு வெடித்துப் பிஸ்டனைத் தள்ளினால்தான் படகை ஓட்டும் விசிறி சுழலும். தண்ணீர் எப்படி எரியும்? துடைத்துப் பூட்டினான். மறுபடியும் நனைந்தது. வேறு எண்ணெய் இல்லை.

"அண்ணை, கெதியா வாங்கோ!" கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி நிருஷன் கத்தினான்.

"வாறன்ரா! பிடியை விட்டிடாதை!"

மீன்பெட்டி மூடியைத் துடுப்பாக்கி வலித்துப் பார்த்தான். நிருஷனின் வள்ளம் தன் வலையில் சிக்கி அங்கேயே நிற்க, காற்று யோகேந்திரனின் படகைக் கிழக்கே தள்ளியது. போட்ட நங்கூரம் கடலடியைத் தொடவில்லை. அந்த நீரோட்டத்தில் நீந்திப் போனால் இருவரும் கடலோடு போய்விடுவார்கள். நிருஷனின் அசைந்த கை சிறிதாகி, பிறகு தெரியாமலே போனது.

மதியம் வேறொரு படகு வந்து நிருஷனைத் தூக்கி ஏற்றியது. பிறகு யோகேந்திரனைத் தேடிப் பிடித்து அவன் படகைக் கயிறு கட்டி இழுத்தது.

நனைந்த உடம்போடு நிருஷன் அந்தப் படகின் விளிம்பில் இருந்தான்.

"நீங்கள் என்னை விட்டிட்டுப் போறியள் எண்டுதான் நினைச்சன், அண்ணை."

"எஞ்சின் நிண்டிட்டுதடா."

யோகேந்திரன் நனைந்த பிளக்கை மறுபடியும் துடைத்தான்.