மூன்றாம் கட்டில் கட்டுரை

எங்கள் நர்சிங் கல்லூரியில் எழுதி முடித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஏழாம் வார்டில் படுக்க வைப்பது வழக்கம். பேராசிரியை ஜெபராணி மேடம் எழுதினதுக்கு மட்டும் நாற்பத்திரண்டு கட்டில். நான் அந்த வார்டு ஆயா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு கட்டுரையையும் பக்கம் மாற்றித் திருப்பிப் படுக்க வைப்பேன். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். மனுசருக்கு வருவது காகிதத்துக்கும் வரும்தானே.

சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம். ஒரு கட்டுரையை யாராவது தங்கள் கட்டுரையில் எடுத்துச் சொன்னால், ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எழுதினவரே வந்து பார்த்தால் கணக்கில் சேராது. ஏழு வருசம் யாருமே வராத கட்டுரைக்கு வெள்ளிக்கிழமை காலையில் டிஸ்சார்ஜ். அதோடு அது கண்டுபிடித்தது எல்லாருக்கும் மறந்துபோகும். போன வருசம் கஞ்சியைப் பற்றின கட்டுரை ஒன்று அப்படிப் போனது. மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் கஞ்சியை ஆறவைக்கத் தெரியவில்லை. நோயாளிகள் நாக்கைச் சுட்டுக்கொண்டு கிடக்கிறார்கள்.

மூன்றாம் கட்டில் கட்டுரைக்கு இந்த வெள்ளியோடு ஏழு வருசம். நோயாளியைத் திருப்பும்போது பேச்சுக் கொடுத்தால் வலி தெரியாது என்று அது சொல்கிறது. அதை எழுதுவதற்கு மேடம் ஒரு வருசம் நோட்டும் கையுமாக என் பின்னாலேயே நடந்தார். நான் நோயாளிகளிடம் மீன் விலை, மருமகள் சமாச்சாரம் என்று எதையாவது பேசிக்கொண்டே திருப்புவேன். அவர்கள் முகம் சுளிக்கிறார்களா என்று மேடம் பார்த்துக் குறித்துக்கொள்வார். பின்லாந்தில் ஐனோ மேடம் என்று ஒருவர் அங்கேயும் இதேபோல் குறித்தார். இரண்டு பேரும் சேர்ந்து எழுதினதால் கட்டுரையில் பாதி இங்கே படுத்திருக்கிறது, பாதி அங்கே.

வியாழக்கிழமை காலையில் மேடம் வந்து அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு இது போயிட்டா, வாயை மூடிக்கிட்டுத்தான் எல்லாரையும் திருப்புவோம், பேச்சியக்கா."

"நீங்க மூடிக்குவீங்க மேடம். என்னால முடியுமா?"

"முடியும்க்கா. அதுதான் பயமா இருக்கு."

பிறகு எந்தெந்த நேரம் திருப்புகிறேன் என்று கேட்டார். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று சொன்னேன். பின்லாந்து ஆயாவும் எட்டு, பத்து, பன்னிரண்டுக்குத்தான் திருப்புகிறாராம். ஆனால் இங்கே பத்து மணி அடிக்கும்போது அங்கே ஆறரை. ஏழு வருசமாக இரண்டு பாதியும் புருசனும் பெண்டாட்டியும் கோபித்துக்கொண்ட மாதிரி முதுகைக் காட்டியே படுத்திருந்திருக்கின்றன. முகம் தெரியாத கட்டுரையை யார் வந்து பார்ப்பார்கள்.

மத்தியானம் பின்லாந்துக்குப் போன் போட்டோம். அந்த ஆயா பெயர் ஹெல்வி. அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. நான் ஒன்னு, ரெண்டு, மூணு என்றேன். அவள் யுக்சி, கக்சி, கோல்மே என்றாள். இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பின. விரிப்பில் கொஞ்சம் பின்லாந்துப் பனி கிடந்தது. துடைப்பத்தால் தள்ளி வாளியில் போட்டேன்.

நாலு மணியாயிற்று. மற்றக் கட்டில்களுக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. நானும் மேடமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறடிக்க ஐந்து நிமிசம் இருக்கும்போது வாட்ச்மேன் மணியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் ஒரு பெண் மூச்சு வாங்க வந்தாள். விரலில் மை ஈரம் காயவில்லை. பையில் இரண்டு ஆரஞ்சு. எந்தக் கட்டில் என்று கேட்டேன். மூன்று என்றாள்.

கட்டுரையின் முகத்தை நின்று பார்த்தாள். பிறகு, "இதுல பேசுறது யாரு?" என்று கேட்டாள்.

மேடம் என்னைக் கை காட்டினார். அந்தப் பெண் ஒரு ஆரஞ்சைக் கட்டுரைக்கு வைத்தாள், ஒன்றை என் கையில் கொடுத்தாள். வாட்ச்மேன் மணி அடித்தார்.

ஆயாவையும் ஒருவர் தேடி வந்து பார்த்துவிட்டால் ஆயாவுக்கும் கட்டில் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் நாற்பத்து மூன்றாம் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன், கட்டுரையைப் போலவே பாதி இங்கே, பாதி பின்லாந்தில்.

பத்து மணிக்கு மேடம் வந்தார். போனில் ஹெல்வி எண்ண ஆரம்பித்தாள். மேடம் என் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்தார்.

"இன்னைக்குச் சாளை மீன் என்ன விலை விக்குது தெரியுமாக்கா?"

அவர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் நான் இடது பக்கம் திரும்பியிருந்தேன். வலி தெரியவில்லை. அங்கே என் மற்றப் பாதிக்கும் தெரியவில்லை என்று ஹெல்வி சொன்னதை மேடம் நோட்டில் குறித்துக்கொண்டார். குளிருக்கு ஒரு கம்பளி மட்டும் கேட்டதாம்.