ஐஸில் வைத்த மருந்து

குழந்தைகளுக்காகக் கலந்து தரும் வயிற்று மருந்துக்கு வயது ஏறும். கலக்கும் அன்று, பாட்டிலில் யார் பெயர் எழுதப்படுகிறதோ அந்தப் பிள்ளையின் வயதுதான் அதற்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் அப்படியே இருக்கும். வெளியில் வைத்தால் வளர்ந்துவிடும். மீசை முளைத்த மருந்து சின்ன வயிற்றுக்குள் போனால் தலை இடிக்கும்.

தூத்துக்குடி ஜெனோவாவுக்கு இதெல்லாம் தெரியும். மகன் ரீகனுக்கு ஐந்து வயது, வயிற்றில் புண். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. கணவனின் படகில் ஐஸ் பெட்டி இருந்தது. ஃபிரிட்ஜைவிட ஐஸ் குளிர்ச்சிதானே என்று பாட்டிலைச் சீலா மீன்களுக்கு நடுவே புதைத்து வைத்தாள்.

காலையில் பாட்டில் வீறிட்டு அழுதது. மருந்து கைக்குழந்தையாகியிருந்தது. வலியில் சுருண்டு கிடந்த ரீகன் வாயைத் திறக்கவில்லை.

"அது பாப்பாம்மா. நான் குடிக்க மாட்டேன்."

இருவரையும் தூக்கிக்கொண்டு ஜெனோவா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருந்து கலக்கும் முத்தரசி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஐஸ்லயா வச்சிய?"

"ஆமாக்கா. மீனு கெடாம இருக்குல்லா?"

"மீனு செத்தது. இது உசிரோட இருக்கு."

"வேற கலந்து தாங்கக்கா. பிள்ள துடிக்கான்."

"பொடிச்சுக் கலக்குற மாத்திர தீந்துட்டு, திங்கக்கிழமதான் வரும். பயப்படாதிய. பஸ்ல வெயில் பக்கமா மடியில வச்சுட்டுப் போங்க, வளந்துரும். அஞ்சு வயசானதும் குடுங்க. தாண்ட விட்டுராதிய. மிச்சத்த ஈரத்துணியில சுத்தி, யார் வீட்டு ஃபிரிட்ஜுலயாவது வச்சிருங்க."

"அஞ்சு ஆயிட்டுன்னு எப்படித் தெரியும்?"

"கேள்வி கேக்கும்."

பஸ்ஸில் மருந்து அழுகையை நிறுத்தியது. கொஞ்ச தூரத்தில் மூடியை உதைக்கத் தொடங்கியது. கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"பாட்டிலுக்கு என்ன வயசும்மா?"

"மூணு இருக்கும்ணே."

"இப்ப டிக்கெட் வேண்டாம். அஞ்சு ஆச்சுன்னா அரை டிக்கெட். மறைக்காதிய."

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. வெயில் நேராக மடியில் விழுந்தது. ரீகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். ஜெனோவா பாட்டிலைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கேட்ட ஏன் மூடியிருக்காங்க?" என்றது மருந்து.

அவள் பாட்டிலை நன்றாகக் குலுக்கினாள். மருந்து சிரித்தது. மூடியில் அளந்து நீட்டினாள். ரீகன் வாயைத் திறந்தான். மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றினாள்.

சற்று நேரத்தில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு சட்டையைத் தூக்கி, வயிற்றை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். கண்டக்டர் அரை டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

ரயில் தடதடத்துக் கடந்து போனது.

"இன்னொரு தடவ," என்றது வயிறு.

கேட் திறக்கவில்லை. ரயில் பின்பக்கமாகத் திரும்பி வந்தது.