உளுந்து தூற்றிய வாக்குவாதம்

மாசி பிறந்ததிலிருந்து பாகூர் ஏரிக்கரை ஓரத்துப் பழைய அரிசி ஆலைக்குள் மட்டும் காற்றடித்தது. வெளியே வேப்பிலை ஒன்றும் அசையாது. உள்ளே காலண்டர் கிழிந்து பறக்கும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் வாயைத் திறந்தால், இரண்டு வாய்களுக்கும் நடுவிலிருந்து கிளம்பியது.

அந்த ஆலையில் நடக்க முடியாதவர்களுக்கு வண்டி வடிவமைக்கும் சின்னக் குழு ஒன்று வேலை பார்த்தது. இரும்புக்குச் சார்லஸ், உடம்பின் அளவும் வலியும் பார்க்க ஸ்டெல்லா, எல்லோரையும் ஒரே மேசையில் வைத்துப் பேசவைக்க உஷாராணி. அப்போது கையிலிருந்தது கஸ்தூரியின் வண்டி. லாரி மோதி ஒரு காலை இழந்த கஸ்தூரிக்கு ஏரிக்குக் கீழே இரண்டு காணி நிலம் உண்டு. போக இருந்தது முழங்கை அகல வரப்பு ஒன்றுதான். அவள் கொழுந்தன் மணவாளன் கெட்டவனில்லை, அவசரக்காரன். "நெலத்துக்கு வர முடியல இல்ல அண்ணி? ஆடியில சவுக்கு வெச்சுடறேன், தொல்ல வுட்டுது" என்றான். சவுக்கு வைத்துவிட்டால் வெட்டும்வரை அந்த மண்ணில் அவளுக்கு வேலையில்லை. வேலையில்லாத கஸ்தூரியைக் கஸ்தூரியாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆடிக்குள் வண்டி வரப்பில் ஓடியாக வேண்டும்.

மூன்று சக்கரம் இல்லாவிட்டால் கவிழும் என்றான் சார்லஸ். மூன்று சக்கரம் வரப்பில் எங்கே நிற்கும் என்றாள் ஸ்டெல்லா. கஸ்தூரிக்கு மோட்டார் வேண்டும், ஹாரன் கட்டாயம் வேண்டும். ஆளுக்கொரு நியாயம் இருந்தது, கேட்கத்தான் காதில்லை. வரைந்த தாளெல்லாம் ஜன்னல் வழியே பறந்து கரும்புக் கொல்லையில் விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்த கொல்லைக்காரி கலியம்மாள், உள்ளே நின்று முகத்தில் காற்று வாங்கினாள், யோசித்தாள், மறுநாள் ஒரு மூட்டை உளுந்தும் முறமுமாக வந்து நின்றாள். "வெளில காத்தே இல்லப்பா. நீங்க பாட்டுக்குப் பேசுங்க." பங்குனி பிறக்கும்போது ஆலை வாசலில் பெண்கள் வரிசை கட்டினார்கள். உள்ளே சற்று அமைதியானால் கலியம்மாளுக்குப் பொறுக்காது. "இன்னா சார்லஸு, அந்தப் பொண்ணு ஒன் சக்கரத்த அவ்ளோ சொல்லுச்சு, சும்மாவா வுட்ட?" உளுந்து சுத்தமானது. வண்டிதான் ஒரு திருகாணி கூட நகரவில்லை.

உஷாராணி பள்ளி நாளிலிருந்து சிலம்பம் சுற்றுகிறவள். இன்றும் காலையில் ஏரிக்கரையில் ஒரு ஜோடியோடு கம்பு பிடிப்பாள். அந்தத் தைரியத்தில் ஒருநாள் கம்பை ஆலைக்குள் கொண்டுவந்து, காற்றை வெட்டுகிறேன் என்று சுழற்றினாள். காற்று இரட்டிப்பாகிக் கூரைத் தகரம் ஒன்று கழன்று, போய் மணவாளனின் மாட்டுக் கொட்டகைமேல் உட்கார்ந்தது. அவன் ஆணியடித்து வைத்துக்கொண்டான். "காத்த அடிச்சா அதுக்கு வலிக்குமா உஷா?" என்றான் சார்லஸ். அதற்கும் அவள் சுடச்சுட ஒரு பதில் சொன்னாள். இன்னொரு தகரம் ஆடியது.

ஆனி வந்தது. மணவாளன் சவுக்குக் கன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டான் என்று தெரிந்த அன்று கஸ்தூரி மேசையை அறைந்தாள். "காலு போனது எனக்கு. வண்டிய பத்தி நீங்களே பேசிக்கிறீங்க, நீங்களே கோச்சிக்கிறீங்க!" அன்றைக்கு வந்ததுதான் பெருங்காற்று. உஷாராணிக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் கால் அவளைக் கேட்கவில்லை. காலையில் எதிராளி கம்பை வீசும்போது எப்படிப் போகுமோ அப்படியே ஓரடி பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. பயிற்சியில் வருகிற அடியை முதலில் வாங்க வேண்டும், அதன் கனம் கைக்குத் தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் தன் முறை. அந்த முறையிலும் கம்பு தோலுக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட வேண்டும், நாளைக்கும் அதே ஜோடி வர வேண்டுமே. அவள் பதிலை விழுங்கிவிட்டு, "நாங்க பேசறது ஒங்க காதுல வுழுது, நீங்க பேசறது எங்க காதுல வுழல. அதானேக்கா?" என்றாள்.

"அதான்" என்றாள் கஸ்தூரி. காற்று உஷாராணியின் தோளை உரசிக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே போயிற்று.

அன்றிலிருந்து நாற்காலிகள் ஓரம் போயின. உஷாராணி வைத்த விதிப்படி, பேசுகிறவருக்கு எதிரே நிற்பவர் ஒரு காலைப் பின்வைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, பேசியவர் தலையாட்டிய பிறகே தன் பேச்சை எடுக்க வேண்டும். அந்தப் பேச்சும் படத்தின்மேல் விழலாம், ஆளின்மேல் விழக்கூடாது. "மீட்டிங்னு கூப்ட்டுட்டு டிரில் வாங்கறியா?" என்று முனகிக்கொண்டே சார்லஸ் நின்றான். ஸ்டெல்லா சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரியாமல் சாயங்காலம் வரைக்கும் தடுமாறினான். சரியாகச் சொல்லி முடித்த நிமிடத்தில் அவனுக்கே வண்டி தெரிந்தது: இரண்டு சக்கரம் வரப்பின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக, மூன்றாவது ஒரு நீண்ட இரும்புக் கையில் தொங்கி வரப்பின் சரிவில். மோட்டார் கனம் என்று கஸ்தூரியே தள்ளுபடி செய்தாள், கையால் இயக்கும் நெம்புகோல் போதும். வாசலில் கலியம்மாள் முறத்தோடு சலித்துக்கொண்டாள். "இன்னாடி உஷா இது, எழவு வூடாட்டம் இருக்குது? நல்லா இருந்தவங்கள கெடுத்து வெச்சிட்டியே!"

ஹாரன் விஷயத்தில் மட்டும் எவ்வளவு கால் ஊன்றியும் தீரவில்லை. வரப்பில் யாருக்கு ஹாரன் என்றான் சார்லஸ். என் கொழுந்தனுக்கு என்றாள் கஸ்தூரி. தீராததைத் தீராததாகவே வைத்து, ஹாரனையும் பூட்டிவிட்டார்கள். அந்தச் சண்டையின் காற்று போக இடமில்லாமல் வண்டி இருக்கைக்கு அடியில் தங்கிவிட்டது.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை மணவாளன் கன்றுகளோடு நிலத்தில் நின்றான். பின்னால் ஹாரன் அலறியது. வரப்பில் கஸ்தூரி, மேடு வந்த இடத்தில் கீழிருந்த காற்றே தள்ளிவிட, கை ஓய்வாக வந்துகொண்டிருந்தாள். "யோவ், கன்னுங்கள தூக்கு. நாத்து வுடணும்." அவன் கன்றைத் தூக்கினான். கொட்டகைத் தகரத்தைப் பற்றி எங்கே கேட்டுவிடுவாளோ என்ற பயமும் இருந்திருக்கலாம்.

அடுத்த பங்குனியில் காற்றில்லாத நாளென்றால் கலியம்மாள் களத்தில் வண்டியை நிறுத்தச் சொல்வாள். கஸ்தூரி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, "சார்லஸு, ஹாரன் நல்லாத்தான் இருக்குது" என்பாள். "வரப்புல எவனுக்குக்கா ஹாரனு..." என்று அவன் ஆரம்பிப்பான். அவன் முடிப்பதற்குள் கஸ்தூரி வாயைத் திறப்பாள். கலியம்மாள் முறத்தைத் தலைக்குமேல் தூக்குவாள்.