அணுக்காரர் வீட்டுச் சாவு

சட்டையின் மூன்றாவது பொத்தானைக் கழற்றியதும் தங்கராசுவின் கை நின்றுவிட்டது.

"மேஸ்திரி, இன்னாது இது?"

சுப்ராயன் குனிந்து பார்த்தார். பெஞ்சில் கிடத்தியிருந்த அண்ணன் சகாதேவனின் மார்பில், கழுத்துக்குழிக்குக் கீழே, ஊதா மையில் ஒரு சதுரம். சதுரத்துக்குள் ஒரு கூட்டல் குறி. மூலைக்கு ஒரு புள்ளி. மனை பிரிக்க அளந்து கோடு போட்டதுபோல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"கரண்ட் வச்சாங்க இல்ல, அதுக்குப் போட்ட கோடு" என்றார்.

"தண்ணியே படக் கூடாதுன்னாங்களே, அதுவா?" குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி கேட்டாள். கேட்டுக்கொண்டே இரண்டடி பின்னால் போனாள். மற்றவர்கள் கேட்காமலே போனார்கள்.

தண்ணீர் படக் கூடாது என்று ஊருக்குச் சொன்னதே சுப்ராயன்தான். புதுச்சேரி ஆஸ்பத்திரியில், கட்டிக்குக் கதிர் பாய்ச்சுகிற இடத்தைக் குறித்த கோடு அழிந்தால் மறுபடி அளக்க வேண்டியிருக்கும் என்றார்கள். மூன்று வாரத்துக்கு முன் அதை டீக்கடையில் சொன்னபோது காரணத்தை மட்டும் விட்டுவிட்டார். "பொட்டுத் தண்ணி படக் கூடாதாம்பா. டாக்டரே எட்ட நின்னுதான் பேசுறாரு." டாக்டர் எட்ட இருந்தது உண்மைதான். நடுவில் மேசை இருந்தது.

உப்பள மேஸ்திரிக்கு உலகத்தில் பெருமைப்பட அதிகம் கிடையாது. சுப்ராயனுக்கு ஒரு அண்ணன் இருந்தார். கல்கத்தாவில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பொங்கலுக்குக்கூட வராதவர். வராத அண்ணன்தான் பெருமைக்கு வசதி. முதலில் "அணு ஆபீசுல இருக்காரு" என்றார். பிறகு "அணுவைப் பொளக்கறாரு" ஆனது. வடக்கே பாலைவனத்தில் அரசாங்கம் அணுகுண்டை வெடிக்கவைத்த வருடம், "எங்க அண்ணன் கை படாம அது எப்டிபா வெடிக்கும்?" என்று கேட்டார். மரக்காணம் அளத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அன்றிலிருந்து இது அணுக்காரர் வீடு. தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார்.

இப்போது அணுக்காரர் விடியற்காலை ஐந்து மணிக்குச் செத்துப்போய், பதினோரு மணி வெயிலில், பாதி கழற்றிய சட்டையோடு கிடந்தார். பந்தலில் நாற்பது பேர் இருந்தார்கள். பெஞ்சைச் சுற்றி ஒருவரும் இல்லை. தங்கராசு கையை லுங்கியில் துடைத்தான். துடைத்த லுங்கியை என்ன செய்வது என்று அப்புறம் யோசித்தான்.

குப்புசாமி வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தார். ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்றவர். உப்பள மக்கள் உரிமைப் பாதுகாப்புப் பேரவையின் நிறுவனர், தலைவர், பெரும்பாலும் உறுப்பினரும் அவரே. எழுந்தால் பேசாமல் உட்கார மாட்டார்.

"யாரும் பயப்படக் கூடாது" என்று ஆரம்பித்ததும் எல்லோருக்கும் பயம் வந்தது. "ஆள் செத்தாலும் அணு சாகாது. அரை ஆயுள்னு சயின்ஸ்ல ஒண்ணு இருக்குது. பாதி போவும், பாதி அப்டியே உள்ள இருக்கும்."

"எந்தப் பாதி சார்?" என்று ஒருவன் கேட்டான்.

"அது ஆளைப் பொறுத்தது."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பெஞ்சின் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு சின்னக் கால்வாய், வேலி ஓரமாக நூறு அடி ஓடி, அளத்துக்குள் இறங்கியது. குளிப்பாட்டுகிற தண்ணீர் அதில்தான் போகும். அதற்கப்பால் பாத்தி பாத்தியாக ஜூன் மாத உப்பு, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளையில், வாருவதற்குத் தயாராக இருந்தது.

"குளுப்பாட்டாம அப்டியே எரிச்சிடலாமே" என்றான் தங்கராசு.

"பொகை எங்க போவும்? பாத்தியிலதான் எறங்கும்."

"பொதைச்சிட்டா?"

"பூமிக்குள்ள இருக்கற தண்ணியத்தானப்பா எறைச்சு உப்பாக்குறோம்." வாத்தியார் பொறுமையாகச் சொன்னார். "சுனாமி வந்து ஆறு மாசம் ஆவுது. அப்போ ரெண்டு மாசம் மீனை எவனாவது தொட்டானா? பொணம் தின்ன மீனுன்னு சொல்லிட்டான். நாளைக்கு அணு உப்புன்னு ஒரு பேச்சு கெளம்புச்சின்னா, லாரி இந்தப் பக்கம் திரும்புமா?"

இது மட்டும் சரியான பேச்சு. அதனால்தான் அது ஆபத்தாக இருந்தது. பந்தலில் இருந்த நாற்பது பேரும் அந்த லாரியை நம்பிச் சாப்பிடுகிறவர்கள்.

"கலெக்டருக்குப் பேரவை சார்பா மனு எழுதறேன். அதிகாரிங்க மெஷினோட வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"எப்போ வருவாங்க சார்?"

"முறைப்படி வருவாங்க."

சுப்ராயன் வீட்டுக்குள் போனார். கால்கள் அவரைக் கேட்காமல் நடந்தன. முறைப்படி என்றால் மூன்று நாள். இந்த வெயிலில் உடம்பு சாயங்காலம் தாண்டாது. அதுகூட இல்லை அவரைப் பிடித்த பயம். வாத்தியார் உளறுகிறார் என்று சொல்ல அவருக்குத் தெம்பு இருந்திருக்கும், உளறல்தான் என்று தெரிந்திருந்தால். தெரியாது. முப்பது வருடம் ஊருக்கு அணுக்கதை சொன்னவருக்கு, அண்ணன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

நாலு நாளைக்கு முன் கரண்டியில் தண்ணீர் விடும்போது கேட்டார். "உன் உடம்புல அது ஏதாச்சும் இருக்குமா? வீட்டுல புள்ளத்தாச்சி இருக்குது, அதான்." சகாதேவன் கண்ணைத் திறக்காமல் "ஒண்ணும் இல்லடா" என்றார். போன அக்டோபரில் பெட்டியோடு வந்து இறங்கி இருமினபோதும் "ஒண்ணும் இல்லடா" என்றவர்தான். உணவுக்குழாயில் கட்டி என்று கல்கத்தா ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னது அது.

சமையல் அறையில் மருமகள் சூர்யகலா சுவரோடு நின்றிருந்தாள். ஐந்து மாதம். ஜனவரி விடுப்புக்கு வந்து போன மகன் ஷார்ஜாவில் இருந்தான். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று அவளை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். காது கேட்கக் கூடாது என்று யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

"மாமா."

"ம்."

"எட்டு மாசமா நான்தான் கஞ்சி குடுத்தேன். துணியெல்லாம் நான்தான் தொவைச்சேன்."

"தெரியும்மா."

"வாத்தியார் சொல்றாரே." அவள் வயிற்றின்மேல் கை வைக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள், அவள் கையே அதைத் தொடக் கூடாது என்பதுபோல. "எதனா ஆயிருக்குமா மாமா?"

சுப்ராயன் அடுப்பைப் பார்த்தார். எரியாத அடுப்பு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பார்க்க ஒன்றும் இல்லாததை வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"வாத்தியாரே, மனு எழுதாதீங்க" என்றார். "எங்க அண்ணன் குண்டும் செய்யல, ஒண்ணும் செய்யல."

வேலியோரம் குந்தியிருந்த விருத்தாம்பாள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். அளத்தில் இருபது வருடம் அவர் மேஸ்திரித்தனத்தின் கீழ் உப்பு வாரியவள். பயம் என்பது அவள் கூலியில் சேராது.

"அப்போ நீ சொன்னதெல்லாம்?"

"பொய்யி."

"அணுவைப் பொளந்தாருன்னியே."

"பொய்யி."

"டெல்லியிலேருந்து போன் வருதுன்னு சொல்லி அன்னைக்கு எங்களை வெயில்ல நிக்க வச்சிட்டுப் போனியே மேஸ்திரி, மதியானம் வரைக்கும்?"

"அதுவும். போனெல்லாம் வரல. வீட்டுல படுத்திருந்தேன்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். முப்பது வருடம் கட்டிய வீடு, இடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்போ இன்னாதான் பண்ணாரு அவுரு?" என்றான் தங்கராசு.

மார்ச் மாதம் ஒருநாள் அதை அண்ணனே சொல்லியிருந்தார். கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரத்தின் எதிரே உட்கார்ந்து, சின்னச் சின்னக் கல்லாக எடுத்து அதன்மேல் எறிந்துகொண்டு. சுப்ராயன் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்கிற மாதிரி அது இல்லை. இப்போது பந்தலுக்குச் சொன்னார்.

"ஹீலியம்னு ஒரு காத்து, பலூனுக்கு அடைப்பாங்களே, அது. அதுல துளியூண்டு எடுத்து, மெஷின்ல வேகமா சுத்தவிட்டு, கால்சியம் மேல அடிப்பாங்க."

"கால்சியம்னா?"

"வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்புல இருக்கற சரக்கு."

விருத்தாம்பாளின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"அடிச்சா அது மேல பட்டுத் தெறிக்கும். எந்தப் பக்கம் எத்தினி தெறிக்குதுன்னு எண்ணணும். அப்புறம் கொஞ்சம் நகர்ந்து எண்ணணும். இன்னும் கொஞ்சம் நகர்ந்து எண்ணணும். கண்ணால பாக்க முடியாததை அப்டித்தான் தெரிஞ்சிக்கணுமாம். உள்ள எவ்ளோ பெருசு, ஓரம் கெட்டியா, மெத்துன்னு இருக்குதான்னு. மீதி நேரம் உக்காந்து கணக்கு போடுவாரு. கணக்குல கொஞ்சம்தான் நேரா திரும்பி வரணுமாம். நெசத்துல நெறைய திரும்பி வந்துதாம். அது ஏன்னு பாத்துகினு இருந்தாரு."

"பாத்துட்டாரா?"

"அதுக்குள்ள ரிட்டயர் ஆயிட்டாரு."

பந்தல் இதை எடை போட்டது.

"முப்பத்திரண்டு வருசம்," என்றான் தங்கராசு மெதுவாக, "பலூன் காத்தைச் சுண்ணாம்பு மேல அடிச்சு எண்ணிகினு இருந்தாரா?"

"ஆமா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஏமாற்றம் பந்தல் முழுவதும் பரவுவது கண்ணுக்குத் தெரிந்தது. நாற்பது பேரின் தோள்களும் ஒரு விரற்கடை இறங்கின. தங்கள் ஊரில் ஒரு பயங்கரம் பிறந்து வளர்ந்தது என்று நம்பியிருந்தவர்கள், அது ஒரு கணக்குப்பிள்ளை என்று தெரிந்துகொண்டார்கள். "பாவம்" என்றாள் ஒருத்தி. எட்டு மாதத்தில் அந்த மனிதரைப் பற்றி அந்த ஊரில் சொல்லப்பட்ட முதல் நல்ல வார்த்தை அது.

ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. வாத்தியார் விடவில்லை. "கோடு? அதுக்கு இன்னா சொல்றே?"

"கரண்ட் வைக்கறது டார்ச் அடிச்சி நிறுத்தின மாதிரிதான் சார். நிறுத்தினா போச்சு, ஒட்டிக்காது."

அதைத் தனக்குச் சொன்னது யார் என்று சுப்ராயனே யோசித்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதா, இப்போது வாயில் வந்ததா? முப்பது வருடப் பொய்களை இதே குரலில்தான் சொன்னார். இதுவும் அதே மாதிரிதான் கேட்டது.

விருத்தாம்பாள் எழுந்தாள். "சரி மேஸ்திரி. நீ மொதல்ல ஊத்து."

குடம் தரையில் இருந்தது. சுப்ராயன் அதை எடுத்தார். மிச்சப் பொத்தான்களை அவரே கழற்றினார். மருந்து ஏற்றியதில் அண்ணனின் தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் இல்லை. எண்ணெய் வைத்தார். சீயக்காயைக் கரைத்து மார்பில் தேய்த்தார். முதல் தேய்ப்பில் மை கலங்கியது. இரண்டாவதில் ஒரு பக்கக் கோடு போனது. தண்ணீர் ஊதாவாகப் பெஞ்சிலிருந்து சொட்டி, கால்வாய்க்குள் நூலாக ஓடியது. நாற்பது பேரின் பார்வையும் அதன் கூடவே வேலி வரைக்கும் போனது. கால்வாயை ஒட்டி நின்றவர்கள் ஓசையில்லாமல் காலை எடுத்துக்கொண்டார்கள்.

சுப்ராயன் மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்தார். எதற்கு அடக்குகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. புள்ளிகள் மட்டும் போகவில்லை. அவை தோலுக்குள் குத்தியவை. அவற்றை விரலால் தொடாமல் சுற்றித் தேய்த்தார். இதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தார்.

"தள்ளு" என்றாள் விருத்தாம்பாள். அவள் கையிலும் ஒரு குடம் இருந்தது. கவனித்திருந்தாள். கட்டைவிரலை ஒரு புள்ளியின்மேல் அழுத்தி ஒரு தேய்ப்பு தேய்த்து, விரலைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். பிறகு கொட்டினாள். அதற்குப் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். தங்கராசு லுங்கியைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டுத் தலைமாட்டுக்கு வந்தான்.

இரண்டு மணிக்குத் தூக்கினார்கள். தோள் கொடுக்க ஆள் அதிகமாகி, மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். அளத்துக்கும் கழுவெளி ஏரிக்கும் நடுவில் இருந்த சுடுகாட்டு மேட்டில் குப்புசாமி வாத்தியார் பேரவை சார்பில் இரங்கல் உரை ஆற்றினார். எளிமையின் சிகரம் என்றார். எண்ணிக்கையின் மகத்துவத்தை உலகுக்கு உணர்த்தியவர் என்றார். காலையிலிருந்தே தமக்கு இது தெரியும் என்பதுபோல் பேசினார். காற்று கடலிலிருந்து வந்தது. புகை பாத்திகளின் பக்கம் போகாமல் ஏரிப் பக்கம் போனது. அப்படிப் போகிறதா என்று எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள், விருத்தாம்பாள் உட்பட.

சுப்ராயன் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. கொல்லையில் சூர்யகலா இரண்டு குடம் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தாள். அவர் வேட்டியோடு முதல் குடத்தைக் கவிழ்த்தார். விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டார். கழுவினார். மறுபடி போட்டார். சோப்பு நழுவி மண்ணில் விழுந்தது. எடுத்து மண்ணோடு தேய்த்தார். இரண்டாவது குடமும் தீர்ந்தது.

"இன்னொரு கொடம் கொண்டாரட்டா மாமா?"

"வேணாம்மா. கனம் தூக்காத."

அவள் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்றடி தூரத்தில், கையை நீட்டினாள். அழுதிருந்தாள். கேட்டதற்கு இன்னும் அவர் பதில் சொல்லவில்லை என்பது அவள் முகத்தில் இருந்தது.

"அந்தக் கொடியில போட்டுட்டு உள்ள போம்மா" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு துண்டைக் கொடியில் போட்டு, காற்றில் பறக்காமல் ஓரத்தைச் செருகிவிட்டு, நடந்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை சுப்ராயன் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீர் சொட்ட நின்றிருந்தார்.