ருஸ்லிக்கு ஒரு சாட்சிக் கடிதம்

சன்னலோர நாற்காலியில், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி புவனேஸ்வரன். எதிரே அவர் மனைவி மலர். அடுப்படி வாசலில் முக்காலி போட்டு, மலரின் தம்பி செல்லையா. காய்கறி லோரியோடு கீழே ரிங்லெட் டவுனுக்குக் கிளம்பியவன், மச்சானின் கடிதத்தைத் தபாலில் போடுவதற்காகக் காத்திருந்தான்.

கடிதம் சுமத்ராவுக்கு. அங்கே கரையிலிருந்து ஒரு பகல் படகில் போனால் நடுக்கடலில் ஒரு பவளப்பாறை. ஆழத்திலிருந்து வரும் அலை அதில் முட்டி, இரண்டு ஆள் உயரம் எழுந்து, முழங்கால் தண்ணீரில் உடையும். அலைச்சறுக்கில் கைதேர்ந்தவர்களைத்தான் படகுக்காரர் ருஸ்லி ஏற்றுவார். போனில் சொன்னால் நம்பமாட்டார். முன்பு தன் படகில் வந்த ஒருவர், புதியவரைப் பற்றிக் கண்ணால் கண்டதைக் கைப்பட எழுதித் தரவேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் புவனேஸ்வரன் போயிருக்கிறார். இப்போது போக நினைப்பது மலர். பத்து வருடமாகக் கிழக்குக்கரைச் செராத்திங் கடலில் பலகையோடு பழகியவள். அவர் எழுதாவிட்டால் அவளுக்குப் படகில் இடமில்லை.

மூன்று பக்கம் எழுதி நீட்டினார். மலர் படித்தாள்.

“என்னாங்க இது? அலை பச்சக் கண்ணாடியாட்டம் நின்னுச்சு, காலுக்குக் கீழ பவளம் ஓடுச்சு, சுட்ட மீனு இனிச்சுச்சு... இதுல நான் எங்கலா இருக்கேன்?”

“கடைசியில உன் பேரு இருக்கே.”

“அனுப்புனர் அட்ரஸ்லயா மச்சான்?” என்றான் செல்லையா.

புவனேஸ்வரன் சிரிக்கவில்லை. பேனா எடுத்ததும் அந்தப் பச்சைதான் வந்தது. பலகையில் நின்ற அந்த ஆறேழு நொடியைப் போலப் பிறகு அவருக்கு எதுவும் வாய்க்கவில்லை. கடைசி நாள், வேண்டாம் என்று ருஸ்லி கை காட்டியும் இறங்கினார். பாறை தோள்பட்டையை உடைத்து அனுப்பியது.

“பயமா இருக்கா?” மலர் மெதுவாகக் கேட்டாள்.

“ருஸ்லி உன்ன ஏத்தமாட்டேன்னுட்டா நல்லதுன்னு தோணுது.”

“தோணுறத அவரு கேக்கல. பார்த்தத எழுதுங்க.”

நேரமாகிவிட்டது என்று எழுந்து லோரி ஹாரனை அடிக்கப் போன செல்லையாவை உட்கார வைத்துவிட்டு, புதுத் தாள் எடுத்தார். இந்த முறை பேனா தயங்கித் தயங்கிப் போனது. மலாய் மொழியில் எழுதியதை இருவரும் கேட்கத் தமிழில் வாசித்துக் காட்டினார்:

“ஜனவரியில் செராத்திங் போனோம். இவள் பலகையோடு மதியம்வரை தண்ணீரைப் பார்த்து நின்றாள். இன்றைக்கு வேண்டாம் என்று காலில் கட்டிய பலகைக் கயிற்றை அவிழ்த்தாள். இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று நான் ஏசினேன். அன்று இறங்கிய இருவரின் பலகை உடைந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் கை காட்டியும் நான் திரும்பவில்லை. இவள் யாரும் சொல்லாமலே திரும்பினாள்.”

மலர் உறையை அவர் பக்கம் தள்ளினாள்.

“அன்னைக்குத் திரும்பி வர்ற வழியில லிப்பிஸ் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க.”

“வீடு வரைக்கும்.”

கையெழுத்திட்டு, தாளை மடித்து உறையில் வைத்தார். பசை தடவி, ஓரத்தை இரண்டு தடவை கட்டைவிரலால் அழுத்தினார். செல்லையா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். லோரி பனிக்குள் பின்வாங்கித் திரும்பி, ரிங்லெட் பாதையில் இறங்கியது.