நாலு மாடிக் கூண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என் தம்பி குளியலறைக் கதவைத் தட்டினான். தட்டினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடித்தான். "அக்கா, பொட்டலத்தைக் காணோம்." வாய் நிறைய நுரையோடு வெளியே வந்து பார்த்தேன். ஹாலில் அவன் கட்டிய கூண்டு நின்றது, கதவு சாத்தியிருந்தது, நாலு மாடியில் ஒன்றிலும் அது இல்லை.

பொட்டலம் என்பது ஒரு ஹாம்ஸ்டர். எலிக்கு வசதியான வீட்டுச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலைத் தேடிப் பார்க்க வேண்டும், கன்னம் இரண்டிலும் தீனியை அடைத்துக்கொண்டு பல்வலிக்காரர் போல உட்கார்ந்திருக்கும், சுருண்டு தூங்கினால் யாரோ மடித்து வைத்த பொட்டலம்தான். அது என் தம்பி மகளுடையது. அவளுக்கு ஒன்பது வயது. தம்பியும் அவன் மனைவியும் போன வருடம் பிரிந்தார்கள். அவன் என்னோடு வந்துவிட்டான், பெண் அம்மாவோடு போய்விட்டாள். இந்த வெள்ளிக்கிழமைதான் முதல் தடவையாக இங்கே தங்க வந்தாள், ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் பழைய சின்னக் கூண்டுமாக. கொண்டுவந்து விட்ட அவள் அம்மா வாசலைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: "அண்ணி, ஞாயித்துக்கிழமை மதியம் வரேன். இது இங்க பழகிடுச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இதைப் பாக்கறதுக்காவது இவ வாராவாரம் வருவா. பழகலன்னா ரெண்டையும் கூட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் இவளை வா வான்னு யாரும் இழுக்கக் கூடாது." தம்பி என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தனக்கு வாரம் ஒரு நாளாவது மகள் உண்டா இல்லையா என்பதை உள்ளங்கை அகலத்துப் பிராணி ஒன்று தீர்மானிக்கப் போகிறது என்று அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அந்தக் கூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதுதான் பிழைப்பு. உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதை ஒரு மாடி உயர்த்தலாமே என்றுதான் அவனுக்குத் தோன்றும். மகள் வரப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து வேலை விட்டு வந்ததும் மரச்சட்டமும் கம்பிவலையுமாக ஹாலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அறுக்கிற சத்தத்தில் நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே சிநேகமாகிவிட்டேன். நாலு மாடி. மாடிக்கு மாடி ஏணி. உச்சியில் ஊஞ்சல். ஏணி ஏறக் களைத்துப்போனால் என்ன செய்யும் பாவம் என்று ஒரு லிஃப்டும் வைத்தான். தகர டப்பா, கப்பி, நூல், எதிர்ப்பக்கம் எடைக்கு நட்டுகள் என்று அத்தனையும் உண்டு. கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அதைப் பார்த்ததும் பெண் கைதட்டினாள். "சூப்பர்ப்பா" என்றாள். பழைய கூண்டிலிருந்த காகித நறுக்கையெல்லாம் அவன் அள்ளிக் குப்பையில் போட்டான். "பழசு எதுக்கு பாப்பா, நாத்தம். இங்க எல்லாமே புதுசு." அதற்கும் "சூப்பர்ப்பா". நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். நாற்காலியில் ஏறும் முன்பே "வலிக்கவே இல்ல" என்று சொல்லும் குழந்தைகளை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அவர்கள் கட்டை விரலை உள்ளே மடித்து முஷ்டி பிடித்திருப்பார்கள். இவளும் அப்படித்தான் பிடித்திருந்தாள்.

சனிக்கிழமை முழுக்க அந்தப் பிராணி கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது. கிர்ர், கிர்ர் என்று ஒரே சத்தம், என் பல் கூசியது. தீனியைத் தொடவில்லை. இவனோ நிமிடத்துக்கு ஒரு தரம் வலையைத் தட்டி, "பழகிட்டியாடா? பழகிட்டியா?" என்று கேட்டான். அது என்ன, கல்யாணமாகி வந்த பெண்ணா, வந்த மறுநாளே பழகிவிட? போதாததற்கு அதைப் பிடித்து லிஃப்டில் உட்கார வைத்து உச்சிக்கு ஏற்றினான். மேலே போனதும் அது டப்பாவை விட்டு இறங்கி, விளிம்பு வரை நடந்து, நிற்காமல் அப்படியே அடுத்த அடியையும் எடுத்து வைத்தது. தொப்பென்று கீழ்த்தட்டில் விழுந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது, பிறகு எழுந்து மூலைக்கு ஓடியது. "பாத்தியா, ஒண்ணும் ஆகல. கெட்டி உடம்பு" என்றான். குரல் நடுங்கியதை மறைக்கச் சிரித்தான். பெண்ணும் சிரித்தாள். அவள் உதட்டில் இரத்தமே இல்லை.

இப்போது அதைக் காணோம்.

ஒரு மனிதன் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்ப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். பிரிட்ஜை நகர்த்தினான். துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, ஏதோ தகடு கிழித்து, இரத்தம் சொட்டச் சொட்டச் சமையலறை அலமாரிகளைத் திறந்தான். பால்கனியில் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்து நிதானமாகக் காலை நக்கிக்கொண்டிருந்தது. அதன் வாயைத் திறந்து பார்க்கப் போனவனை நான்தான் இழுத்துப் பிடித்தேன். குளியலறைத் தண்ணீர்ப் போக்கியின் மூடி கழன்று கிடந்ததைப் பார்த்ததும் அப்படியே ஈரத்தில் மண்டியிட்டுவிட்டான். "இதுல போயிருக்குமாக்கா?" என்று கேட்டான். அந்த நேரத்தில்தான் பெண் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. பொட்டலம் என்றால் உயிரை விடுகிறவள், தேட ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன்.

"எங்கடி இருக்கு?"

திருதிருவென்று விழித்தாள். பிறகு, கேட்கிறதா கேட்கவில்லையா என்கிற குரலில், "என் கட்டிலுக்கு அடியில. அட்டைப்பெட்டியில. விடியும்போது எடுத்தேன்" என்றாள். "அதுக்குக் கண்ணு சரியா தெரியாது அத்தை. உயரம்னா என்னன்னே தெரியாது. நடந்துடும். அதுக்கு மாடி வேணாம், பள்ளம் தோண்டணும். பழைய நறுக்கு கொஞ்சம் சாக்ஸுக்குள்ள எடுத்து வெச்சிருந்தேன், அதைப் போட்டதும் தூங்கிடுச்சு."

"இதை அப்பாகிட்ட சொல்றதுக்கென்ன?"

"எவ்ளோ ஆசையா கட்டியிருக்காரு."

"கத்துவான்னு பயமா?"

"கத்தினா பரவால்ல அத்தை. அழுதுட்டா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இவள் அம்மாவும் இப்படித்தான். கல்யாணமான புதிதில் அவளுக்கென்று இவன் ஒரு பெரிய அலமாரி கட்டினான், படுக்கையறையின் ஒரே ஜன்னலை அடைத்து. "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் அந்த அறையில் இருந்தாள். பிறகு ஒரு நாள் அத்தனையையும் சேர்த்துச் சொன்னாள், சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். இவனுக்கு எது தப்பு என்று கடைசி வரை விளங்கவே இல்லை. யாராவது சொல்லியிருந்தால்தானே. நானும்தான் சொல்லவில்லை.

"நீதான் சொல்லணும்" என்றேன். "நான் சொல்ல மாட்டேன்."

ஹாலுக்கு வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து, இரத்தக் கையோடு போனைக் காதில் வைத்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. எதிர்முனையில் பெண்ணின் அம்மா எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. "கிளம்பிட்டியா? ... சரி. வர்றதுக்குள்ள சொல்லிடறேன். பொட்டலம் தொலைஞ்சுபோச்சு. பாப்பா மேல தப்பில்ல. நான்தான் ராத்திரி கூண்டுக் கதவைச் சரியா மூடல."

பொய். அவன் மூடியதை நான் பார்த்தேன். மூடி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தான். லிஃப்ட் வேலை செய்கிறவனுக்குக் கதவு மூடாமல் தூக்கம் வருமா?

"நீங்க மூடினீங்கப்பா" என்றாள் பெண்.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"நீங்க சரியாத்தான் மூடினீங்க. நான்தான் திறந்தேன்."

அதன் பிறகு நிற்காமல் எல்லாம் வந்துவிட்டது. கண், பள்ளம், லிஃப்ட், தட்டத் தட்டப் பயந்து நடுங்கியது, தூக்கிப்போட்ட பழைய நறுக்கு என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒவ்வொன்றையும் சொல்லும்போது "ஆனா சூப்பராத்தான் இருந்துச்சுப்பா" என்று ஒட்டவைத்துக்கொண்டாள். அவன் எழுந்து அவள் அறைக்குப் போனான். கதவருகே நின்று பார்த்தேன். கட்டிலுக்கடியில் படுத்துத் தலையை நுழைத்தான், கால் மட்டும் வெளியே. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தான் என்று தெரியாது. வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் தூசி. மகளைப் பார்க்கவில்லை. நேராகப் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பெண் என் புடவையைப் பிடித்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

அவள் அம்மா அன்றும் வாசலைத் தாண்டவில்லை. மூச்சு வாங்கியது, ஓடி வந்திருக்கிறாள். மகளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள், பிறகு காலிக் கூண்டைப் பார்த்தாள். "கிடைச்சுதா?" என்றாள். "கிடைச்சுது" என்றேன். "பழகிடுச்சா அண்ணி?" அதற்கு என்ன சொல்வது? பெண் வாயைத் திறந்தாள். வரப்போவது என்ன சொல் என்று எனக்குத் தெரியும், அதைத் தடுக்கவும் கை ஓடவில்லை.

"பழகல" என்றது பால்கனிப் பக்கத்திலிருந்து வந்த குரல். அவன் உள்ளே வந்தான். "பழகாது. கூண்டு தப்பு. அதுக்கு என்ன வேணும்னு நான் யாரையும் கேக்கல." கூண்டைப் பார்த்தபடியே, "எப்பவுமே கேட்டதில்ல" என்றான்.

அவன் மனைவி, இன்னும் என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி ஒரு வாக்கியத்தை அவள் அவனிடம் கேட்டிருக்க மாட்டாள். நானே கேட்டதில்லை. பிறகு, "சரி. பாப்பா, அதை எடுத்துட்டு வா. கிளம்பலாம்" என்றாள். சொன்ன சொல் சொன்னபடிதானே. பெண் அறைக்குள் போனாள்.

தம்பி யாரையும் பார்க்காமல் கூண்டின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஊஞ்சலைக் கழற்றினான். லிஃப்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். பிறகு திருப்புளியை எடுத்து நாலாவது மாடியின் முதல் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தான். வெட்டுப்பட்ட கை சரியாகப் பிடிக்கவில்லை, வழுக்கி வழுக்கிப் போனது.

பெண் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தோளில் துணிப்பை. வாசல் வரை போய், செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு பெட்டியை அம்மா கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் பிடிங்கம்மா. ஆட்டாதீங்க, தூங்குது."

ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை விரித்து நீட்டினாள். அவன் முதல் ஸ்க்ரூவை அதில் வைத்தான். "அகலமா வேணும்பா" என்றாள். "எவ்ளோ அகலம்?" என்று கேட்டான். அவள் மறு கையைத் தரையில் நீட்டிக் காட்டினாள். வாசலில் அவள் அம்மா உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல், பெட்டியை நெஞ்சோடு அணைத்து, மூச்சு விட்டால்கூட அது எழுந்துவிடும் என்பது போல நின்றுகொண்டிருந்தாள்.